உன் சண்டைக் கடிதம் கிடைத்துவிட்டது

அன்பு மாப்ளே,

போன ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்துவிட்டாய். ரயிலில் டவர் போனதா, நான் எடுத்த பேச்சு பிடிக்கவில்லையா என்று இன்னும் புரியவில்லை. எதுவானாலும் சரி, அது போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே சேலத்தில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி, ஆனாலும் சாயங்காலமானால் தட்டுவடை செட் வாங்கி வரச் சொல்வதில் குறைச்சல் இல்லை. மழை அஸ்தம்பட்டி வரை இருட்டிக்கொண்டு வந்து, நம்மை ஏமாற்றிவிட்டு ஏற்காட்டில் போய்க் கொட்டுகிறது.

விஷயம் இதுதான். நம் தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு, ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகிற ஒரு மெயிலிங் லிஸ்ட் வைத்துக்கொண்டு 2001 முதல் 2008 வரை ராத்திரி பகல் பார்க்காமல் அடித்துக்கொண்டோமே, அந்தக் கடிதங்கள் கிடைத்துவிட்டன. நான்கு மாதக் கடிதங்கள் மட்டும் கிடைக்கவில்லை. மற்றபடி எல்லாம் இருக்கிறது, எல்லாம் என்றால் எல்லாமும்.

இதை ஆரம்பித்து வைத்தது அம்மாபேட்டையில் இருக்கும் ஒரு பெண், இன்ஜினியரிங் கடைசி வருஷம். நம் நிரலை எங்கிருந்தோ இறக்கிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள், 'சார், அம்புக்குறி விசையை அழுத்தினால் கர்சர் முழு எழுத்தையும் தாண்டுகிறது, ஆனால் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கொ-வில் க மட்டும் மிச்சம் நிற்கிறது, இது பிழைதானே, நான் சரி செய்யட்டுமா?' அந்த இடத்தில் நீ எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? 'இதை மாற்றாதே. காரணம் லிஸ்டில், 2004 மார்ச், கடிதம் 217.' பக்கத்தில் ஒரு சுட்டி. அது செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. லிஸ்ட் ஓடிய சர்வர் இருந்த கல்லூரியில் லேபை மாற்றியபோது பழைய இரும்போடு அதையும் போட்டுவிட்டார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, நாமும்தான் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யோசித்துப் பார், நிரல் ஒரு வரி விடாமல் பத்திரமாக இருக்கிறது, யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்பது வரை. ஏன் மாற்றினார்கள் என்பது மட்டும் காணோம். எனக்கும் சுத்தமாக நினைவில்லை. அந்தப் பெண் முன்னால் திருதிருவென்று முழித்தேன்.

முதலில், பழைய வலைப்பக்கங்களைச் சேர்த்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினேன். மாதவாரி அட்டவணைப் பக்கங்கள் இருந்தன, கடிதத் தலைப்புகள் வரிசையாக இருந்தன, தலைப்பை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை கிடைத்து மண்டபத்தின் பேர் மட்டும் கிழிந்துபோன மாதிரி. என்னிடம் 2005-க்குப் பிறகு வந்த மெயில்கள்தான் உண்டு, அதற்கு முந்தியவை பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரோடு போயிற்று. அப்போதுதான் நம் லிஸ்டில் இருந்த ஏற்காட்டு எஸ்டேட் அண்ணன், நம் மலைக்காரரின் நினைவு வந்தது. அவர் எதையும் தூக்கிப் போடமாட்டார்.

அந்த அண்ணன் காலமானபின் நான் அவர் வீட்டுக்குப் போகவே இல்லை மாப்ளே, அதுவே குற்ற உணர்ச்சி. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது பார்த்தேன், நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடத்தில் அந்த நுழைவு வளைவு மட்டும்தான் நிற்கிறது, நமக்கு அட்டவணைப் பக்கம் மிஞ்சியது மாதிரியேதான். 20 கொண்டை ஊசி ஏறி எஸ்டேட் வீட்டுக்குப் போனால், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி அப்படியே இருக்கிறது, அண்ணி அதே எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். சிடிக்களில் பாதி பூஞ்சை பிடித்துப் போயிருந்தது, மலை மூட்டத்தில் வேறென்ன ஆகும். ஆனால் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். மேலே பேனாவில் 'லிஸ்ட்' என்று எழுதியிருந்தது. பட்டைக் கேபிள் காலத்து டிஸ்க், அதை யூஎஸ்பியில் மாட்டுகிற ஒயருக்காக இங்கே நாலு கடை ஏறி இறங்கினேன். மாட்டியதும் டிக் டிக் என்று சத்தம். டிடிரெஸ்க்யூ என்று ஒரு மென்பொருள் இருக்கிறதல்லவா, அது படிக்க முடிகிற பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கிற இடங்களைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயலும். இரண்டு ராத்திரி ஓடவிட்டேன். மின்வெட்டு வராமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டேன், சிரிக்காதே.

உள்ளே எம்பாக்ஸ் கோப்பு. மெயில் எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே கோப்பில், ஒவ்வொன்றும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும், அவ்வளவுதான் அதன் இலக்கணம். யாராவது கடிதத்துக்குள்ளேயே அந்தச் சொல்லில் ஒரு வரியைத் தொடங்கினால் குழப்பம் வரும் என்று அதன் முன்னால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்திருக்கும். இருபது வருஷம் கழித்தும் எந்த மென்பொருளும் இல்லாமல் படிக்க முடிகிற வடிவம், நல்லவேளை.

நல்லவேளை என்று சொன்னேன், ஆனால் தமிழ் தெரியவில்லை! 2003-க்கு முந்தியது எல்லாம் டிஸ்கி, இப்போது எல்லாரும் எழுதுகிற யூனிகோடுக்கு மாறுமுன் நாம் வைத்திருந்த தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை (என்கோடிங்). கீழ்ப்பாதி வழக்கமான ஆங்கிலம், மேல்பாதியில் நம் எழுத்துகள், அதை இன்றைய கம்ப்யூட்டர் ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துக் காட்டுகிறது. ட எல்லாம் கால், ண எல்லாம் அரை, த எல்லாம் முக்கால் என்று பின்னமாக வரும், ந தலைகீழான கேள்விக்குறி. 'தமிழ்' என்று எழுதினால் முக்காலில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் இதை அப்படியே படிப்போமே, ஃபான்ட் இல்லாத பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பின்னத்தைப் பார்த்தே 'ஓ, திட்டுகிறான்' என்று கண்டுபிடிப்போமே! மாற்றுவது கஷ்டமில்லை, லினக்ஸில் ஐகான்வ் கட்டளைக்கே டிஸ்கி தெரியும், கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் சரியாக வைத்துவிடுகிறது. கஷ்டம் எங்கே என்றால், எந்த மெயில் டிஸ்கி, எது இல்லை என்று எந்த மெயிலும் உண்மை சொல்வதில்லை. தலைப்பகுதியில் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று சாதிக்கும், உள்ளே தமிழ். மேலே யூனிகோடில் பதில், கீழே மேற்கோளில் டிஸ்கி என்று ஒரே மெயிலில் இரண்டும். ஓர் ஆங்கில மெயிலில் இருந்த பிரெஞ்சுக்காரர் பெயரைக்கூட என் ஸ்கிரிப்ட் தமிழ்ப்படுத்திவிட்டது. கடைசியில் கண்ணால் பார்த்துத்தான் பிரித்தேன். அந்தப் பெண்ணும் பாதி வேலை செய்தாள்.

தேதியும் தகராறுதான். மலைக்காரரின் மெயில் பல 1980 ஜனவரி 1-இல் எழுதப்பட்டவை! மதர்போர்டு பேட்டரி போயிருந்தது, மாற்றவே இல்லை மனிதர். எந்த சர்வர் எப்போது வாங்கியது என்ற முத்திரை மெயிலின் தலையில் இருக்கும், அதை வைத்துத்தான் வரிசைப்படுத்தினேன். பதில்களைக் கோப்பது சுலபம், ஒவ்வொரு மெயிலுக்கும் தனி அடையாள எண், பதில் மெயிலில் எதற்குப் பதில் என்று அந்த எண் இருக்கும். நீ மட்டும் எப்போதும் பதில் பொத்தானை விட்டுவிட்டுப் புது மெயில் திறந்து எழுதுவாய், உன்னுடையது எல்லாம் அனாதையாக மிதக்கிறது.

217 கிடைத்தது. எழுதியது மலைக்காரர்தான். டிஸ்கியில் கொ என்றால் கொம்பு, க, கால் மூன்றும் தனித்தனி, பேக்ஸ்பேஸ் அடித்தால் கால் மட்டும் போய் கெ நிற்கும். யூனிகோடில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. மாறும்போது என்ன செய்வது என்று நாம் எல்லாரும் தர்க்கம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் மலையிறங்கி வந்து செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டிடிபி கடையில், பத்திரிகை அடிக்கிற அம்மாவின் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாவுக்குத் தப்பு விழுவதெல்லாம் குறில் நெடிலில்தான், மெய்யெழுத்தில் அனேகமாக இல்லை. ஆகவே க-வை விட்டுவிட்டுக் குறியை மட்டும் அழிக்க வேண்டும், முழு எழுத்தையும் அழிக்க டெலீட் விசை இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான், பன்னிரண்டு வரி. கடைசியில் வழக்கம்போல 'இடி இடிக்கிறது, மோடம் ஒயரைப் பிடுங்கப் போகிறேன்.'

அந்தப் பெண் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. 'போனில் அடிக்கிறவர்களுக்கு இது பொருந்தாது சார், அங்கே பக்கத்து எழுத்தில் விரல் பட்டு மெய்யெழுத்துதான் தப்பாகிறது' என்றாள். போனுக்கு மட்டும் தனியாக மாற்றுகிறாள். காரணம் தெரிந்து மாற்றுகிறாள், போகட்டும்.

சரி, இப்போது உன் கடிதம். 2004 ஜூன், தலைப்பு 'நான் கிளம்புகிறேன்'. உனக்குத் தெரியும் எதைச் சொல்கிறேன் என்று. காபிக்கொட்டை காய வைக்கிறவர் எல்லாம் என்கோடிங் பேச வந்துவிட்டார் என்று எழுதினாய். அதற்கு நான் எழுதிய பதில் இன்னும் மோசம், உனக்கு வக்காலத்து வாங்கி, அவரை நாலு பேர் முன்னால் கிண்டல் செய்திருக்கிறேன். படிக்கும்போது காது சூடாகிவிட்டது. இரண்டையும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் கை போனது.

ஆனால் எடுத்தால் வேறு வம்பு. நம் லிஸ்டில் வலைப்பக்கங்களை உருவாக்கியது, லிஸ்ட் நடத்துகிற மெயில்மேன் மென்பொருளின் பழைய பதிப்போடு வரும் பைப்பர்மெயில், அது வரிசையாக எண் போடும். ஒன்றை உருவிவிட்டுத் திரும்ப உருவாக்கினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஓர் எண் முன்னே நகரும். நிரலில் இருக்கிற குறிப்புகள் எல்லாம் வேறு யாரோ எழுதிய கடிதத்துக்குப் போய் நிற்கும். ஒரு கடிதத்தை மறைக்கப் போய் நாலு வருஷத்தைக் குழப்ப வேண்டும். ஆகவே உருவக்கூடாது, வேண்டுமானால் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, 'எழுதியவர் கேட்டதால் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி போட்டு இடத்தை அப்படியே விடலாம். என்னுடையதை அப்படியே விடுகிறேன், நாலு பேர் படித்துச் சிரிக்கட்டும். உன்னுடையது உன் இஷ்டம், அதைக் கேட்கத்தான் போன் செய்தேன். எல்லாருடைய மெயில் முகவரியையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டேன். கையில் இருக்கிற முகவரிக்கெல்லாம் எழுதி அனுமதி கேட்டிருக்கிறேன், நிறைய முகவரி உயிரோடு இல்லை.

எங்கே வைப்பது என்று நீ கேட்பாய். ஓர் இடத்தை மட்டும் நம்பக்கூடாது. 2019 அக்டோபரில் யாகூ குரூப்ஸ் பழையதை எல்லாம் அழிக்கப் போகிறோம் என்று அறிவித்தபோது எத்தனை தமிழ்க் குழுக்களின் பேச்சு அதோடு போயிற்று. ஜிமேன் எவ்வளவு நல்ல சேவை, 2002-இலிருந்து உலகத்து லிஸ்டை எல்லாம் சேர்த்து வைத்தது, 2016-இல் அதன் வலைமுகப்பு நின்றதும் ஆயிரம் பிழைக் குறிப்புகளில் இருந்த சுட்டி எல்லாம் காற்றில் தொங்கியது. லினக்ஸ் கெர்னல்காரர்கள் சரியாகச் செய்தார்கள், பழைய மெயில் வைத்திருக்கிறவர்களிடம் எல்லாம் கேட்டு வாங்கி ஒன்றுசேர்த்து, மெயிலின் அடையாள எண்ணையே சுட்டியாக்கி, நிரல்களை மாற்ற வரலாற்றோடு வைக்கிற கிட் களஞ்சியமாகவே கொடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் முழுசாக நகலெடுத்துக்கொள்ளலாம். நாமும் அதேதான். வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள், பின்னால் எந்த நிரலும் ஓட வேண்டாம். முகவரி மறைத்த எம்பாக்ஸ் ஒன்று இன்டர்நெட் ஆர்க்கைவில், கிட் நகல் நாலு பேர் வீட்டில். மறைக்காத மூலம் என்னிடமும் அண்ணியிடமும் மட்டும்.

இல்லாத நான்கு மாதம் 2002 ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போது நீதான் நிர்வாகி. உன் வீட்டுப் பரணில் நீலப் பெட்டியில் சிடிக்கள் இருக்கும், உன் மனைவி தூக்கிப் போடச் சொல்லி நீ போடாமல் வைத்திருப்பாய். தேடு. பூஞ்சை இருந்தாலும் துடைக்காதே, அப்படியே கொண்டு வா.

இன்னொன்று. அந்த டிஸ்கில் மெயில் பெட்டிக்குப் பக்கத்திலேயே வரைவுப் பெட்டியும் இருந்தது. 2004 ஜூன் மாதத்தில், உன் பெயருக்கு, அனுப்பாத பதில் ஒன்று. உன்னை விளித்திருந்த முதல் வரியைப் பார்த்ததும் மூடிவிட்டேன். லிஸ்டில் வராத கடிதம், அதைப் பதிப்பிக்கிற பேச்சுக்கே இடமில்லை. அண்ணியிடம் சொன்னேன். 'அது அவனுக்கு எழுதினது, அவன்கிட்டயே கொடு' என்றார். மெயிலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வா. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கூப்பிடு, வண்டியில் வந்து ஏற்றிக்கொள்கிறேன். அங்கிருந்து நேராக மலைக்கே போய்விடலாம், அண்ணி உன்னைக் கேட்டார்.

உன்,
அஸ்தம்பட்டிக்காரன்