மீயொலிச் சோதனையாளரும் அலையைக் கண்ணால் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி துவாக்குடி வட்டாரத்தில் கொதிகலன், அழுத்தக்கலன் ஆகியவற்றின் பற்றவைப்புகளை மீயொலியால் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால்) சோதிக்கும் பணியில் 26 ஆண்டுகளாக இருக்கிறேன். இத்தொழிலை இளைஞர்களுக்குக் கற்றுத்தரும் முறையில் உள்ள ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தொழில்நுட்பக் கல்வித் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எஃகுத் தகட்டின் மேல் பசையைத் தடவி, ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோபை நகர்த்தும் சோதனையாளர் திரையில் காண்பது, எழுந்து தாழும் ஒரு கோட்டை மட்டுமே. அதற்குக் காரணமான அலை உலோகத்துக்குள் எங்கே சென்றது, எதில் மோதித் திரும்பியது என்பதை அவர் மனத்தில்தான் வரைந்துகொள்ள வேண்டும். பயிற்சி வகுப்பிலோ அந்த அலையை ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடாகக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு மேலே போய்விடுகிறோம்.

பணியில் சேர்ந்த புதிதில், 25 மி.மீ. தகட்டின் பற்றவைப்பு ஒன்றை 60 டிகிரி புரோபால், அதாவது தகட்டின் செங்குத்துக்கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்வாக அலையை அனுப்பும் புரோபால், சோதித்தேன். அடிப்பகுதியில் வந்த எதிரொலி ஏற்பு வரம்புக்குள் இருந்ததால் சரி என்று கையெழுத்திட்டேன். வாடிக்கையாளர் தரப்பு ஆய்வாளர் அதே இடத்தில் 45 டிகிரி புரோபை வைத்தபோது எதிரொலி திரையின் உச்சியைத் தொட்டது. தோண்டிப் பார்த்தால், அடிப்பரப்பிலிருந்து செங்குத்தாக எழும்பிய விரிசல். 60 டிகிரியில் செல்லும் குறுக்கலை (செல்லும் திசைக்குக் குறுக்காகத் துகள்களை அசைக்கும் அலை) செங்குத்தான விரிசல் முகத்தில், அந்த முகத்தின் செங்குத்துக்கோட்டிலிருந்து 30 டிகிரி கோணத்தில் மோதுகிறது. எஃகில் குறுக்கலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 3,230 மீட்டர், செல்லும் திசையிலேயே துகள்களை அசைக்கும் நெட்டலையின் வேகம் சுமார் 5,900 மீட்டர் என்பதால், 33 டிகிரிக்குக் குறைவான கோணத்தில் மோதும் குறுக்கலையின் ஆற்றலில் பெரும்பங்கு நெட்டலையாக மாறி வேறு திசையில் விலகிவிடும். புரோபுக்குத் திரும்புவது சொற்பமே. 45 டிகிரியில் மோதும் அலைக்கு இந்த இழப்பு இல்லை. இந்தச் சூத்திரத்தை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் பல ஆண்டுகள் கழித்து, கணினியில் அதே தகட்டை வரைந்து அலையை ஓடவிட்டு, விரிசல் முனையில் ஒரே அலைமுகம் இரண்டாகப் பிரிந்து போவதைக் கண்ணால் கண்ட அன்றுதான் அது எனக்கு விளங்கியது.

அலையின் போக்கைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் இத்தகைய உருவகத்துக்குப் பெரிய கணினி வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மை. 4 மெகாஹெர்ட்ஸ் குறுக்கலையின் அலைநீளம் எஃகில் 0.8 மி.மீ.; ஓர் அலைநீளத்துக்குப் பத்துக் கணக்கீட்டுப் புள்ளிகள் என்று வைத்தாலே, 10 செ.மீ. கனசதுரத்துக்கு ஏறத்தாழ 195 கோடிப் புள்ளிகள் தேவைப்படும். ஒவ்வொரு புள்ளியிலும் துகளின் அசைவு வேகம், தகைவு (பொருளுக்குள் எழும் உள்விசை) என ஒன்பது எண்களைச் சேமிக்கவே சுமார் 70 ஜி.பி. நினைவகம் போய்விடும். அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால், புள்ளிகளின் இடைவெளியோடு காலப்படியும் பாதியாகக் குறைய வேண்டியிருப்பதால், கணக்கு வேலை 16 மடங்காகும். ஆனால் நீண்ட நேரான பற்றவைப்புக்கு அதன் குறுக்குவெட்டு முகமே பெரும்பாலும் போதும். நான் சொன்ன தகட்டில் 10 செ.மீ. நீளத்தை இருபரிமாணத்தில் எடுத்துக்கொண்டால் நான்கு லட்சத்துக்கும் குறைவான புள்ளிகள்தாம். சாதாரண மடிக்கணினி சில நிமிடங்களில் முடித்துவிடும்.

முப்பரிமாணம் தவிர்க்க முடியாத இடங்களுக்கும் வழி இருக்கிறது. நிலநடுக்க அலைகளைக் கணக்கிட 1986-இல் நிலநடுக்கவியலாளர் விரியோ வகுத்த மாற்றுவலை முறை (வேகத்தையும் தகைவையும் அரை இடைவெளி தள்ளி அமைந்த புள்ளிகளில் கணக்கிடும் முறை), கிலோமீட்டர் கணக்கில் பரவும் அலைக்குப் பொருந்துவதைப் போலவே மில்லிமீட்டர் அலைக்கும் பொருந்துகிறது. பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அலையை உயர்படி பல்லுறுப்புக் கோவைகளால் குறிக்கும் நிறமாலைக் கூறு முறையில் ஓர் அலைநீளத்துக்கு ஐந்து புள்ளிகளே ஏறக்குறையப் போதும். செயற்கையாக வெட்டிய எல்லைகளில் அலை எதிரொலிக்காமல் உறிஞ்சும் அடுக்கை 1994-இல் பெரஞ்சே மின்காந்த அலைக்காக உருவாக்கினார். இன்று அது மீயொலிக் கணக்குக்கும் உதவுகிறது. விளையாட்டுக்காக விற்கும் கிராபிக்ஸ் கார்டுகளே இந்தக் கணக்குகளைப் பல மடங்கு விரைவாக்குகின்றன.

கணினி சொல்வதை அப்படியே நம்பிவிடலாம் என்று நான் கூறவில்லை. குறிப்பாகத் துருப்பிடிக்கா எஃகுப் பற்றவைப்புகளில் நீண்ட படிகங்கள் அலையை வளைத்துச் சிதறடிக்கும். அவற்றின் அமைப்பைத் தவறாகக் கொடுத்தால் விடையும் தவறாகவே வரும். ஆகவே துளையிட்ட அளவுக்கட்டையில் எடுத்த அளவீட்டோடு ஒத்துப்பார்க்காத எந்த உருவகத்தையும் ஏற்கக் கூடாது என்பதையும் மாணவருக்குச் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

அலைகளைக் கணக்கிடும் அறிவு நம் மாநிலத்தில் இல்லாதது அன்று. சென்னை ஐ.ஐ.டி.யும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் பொருளைச் சேதப்படுத்தாமல் குறை காணும் அழிவில்லாச் சோதனையில் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகின்றன. அந்த அறிவு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. வகுப்பறைகளுக்கு இறங்கி வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பற்றவைப்புச் சோதனை கற்பிக்கும் பாடத்தில் இருபரிமாண அலை உருவகத்தைத் தமிழ் விளக்கத்துடன் ஆய்வகப் பயிற்சியாகச் சேர்த்து, ஒரே விரிசலின் மேல் 60 டிகிரி அலையையும் 45 டிகிரி அலையையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் காட்டுவதை அதன் முதல் பயிற்சியாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீயொலிச் சோதனையாளர் ஒருவர்,
துவாக்குடி, திருச்சிராப்பள்ளி.