மாடி ஏறிய குதிரைகள்: நியூயார்க் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் நகரப் பாரம்பரியச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

மேற்கு 89ஆம் தெருவில் 175ஆம் எண் கட்டடத்தை உங்களுக்குத் தெரியும். 1892இல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் ரூக் வரைந்த பல அடுக்கு வாடகைக் குதிரை லாயம். 1927இல் கிளேர்மான்ட் குதிரையேற்றப் பள்ளியாகி, 2007 ஏப்ரலில் மூடப்பட்டது. 1990இல் அதைப் பாரம்பரியச் சின்னமாக நீங்கள் அறிவித்தீர்கள். அந்த வெளிர்நிறச் செங்கல் முகப்பும் அரைவட்ட வளைவுகளும் தப்பியது அதனால்தான். நன்றி.

ஆனால் கட்டியவர்களின் சாமர்த்தியம் முழுக்க உள்ளே இருந்தது. மன்ஹாட்டனில் நாட்டுப்புற லாயம் மாதிரி பரப்பிக் கட்ட இடம் ஏது? குதிரைகளை மாடியில் ஏற்றிவிட்டார்கள். நிலவறையிலும் முதல் மாடியிலும் கொட்டடிகள், போய்வரச் சாய்தளங்கள். குதிரை படியேறினாலும் ஏறும், இறங்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். அரை டன் எடையுள்ள மிருகங்கள் வரிசையாகத் தலைக்கு மேலே நிற்க வேண்டுமென்றால் உத்தரங்களை எப்படிப் போட்டிருக்க வேண்டும்! அந்தக் கால லாயக்காரர்கள் வண்டிகளைக் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தவும் தயங்குவார்கள். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வார்னிஷைக் கெடுத்துவிடும். வாடகை வண்டி பளபளப்பாக இல்லாவிட்டால் யார் ஏறுவார்கள்?

உங்கள் அறிவிப்பு காப்பதோ வெளிப்புறத்தை மட்டும். உட்புறத்தையும் சின்னமாக்க 1973இல் சட்டத்தில் வழி பிறந்தது. ஆனால் பொதுமக்கள் வழக்கமாக வந்துபோகும் இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தனியார் கையிலுள்ள பழைய லாயங்கள் பெரும்பாலும் இதற்குள் வராது. சரி, சட்டத்தைத் திருத்தச் சொல்லவில்லை. லாயம் பள்ளிக்கூடமாகட்டும், வீடாகட்டும். பூட்டிக் கிடந்து பாழாவதற்கு அது எவ்வளவோ மேல்.

கேட்பது ஒன்றே. சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தில், கட்டடத் துறையின் அனுமதி தேவைப்படும் உள்வேலைக்கும் உங்கள் சான்று வாங்கியாக வேண்டும். ஆக, உள்ளே கைவைப்பதற்கு முன்பே விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது. பழைய லாயம் எதற்காவது அப்படி வந்தால், சான்று தருவதற்கு முன் உள்ளே அளந்து வரைந்து, புகைப்படம் எடுத்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். சாய்தளத்தின் சரிவு எவ்வளவு, குளம்பு வழுக்காமலிருக்க அதில் என்ன செய்தார்கள், உத்தரங்களின் கனம், கொட்டடித் தடுப்புகள், கழிவுநீர் வடிந்த வழி எல்லாம் அதில் இருக்கட்டும். அப்புறம் அதைக் கோப்பில் போட்டு மூடிவிடாமல், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வையுங்கள். அடுத்து வரும் விண்ணப்பத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
அப்பர் வெஸ்ட் சைடில் குடியிருக்கும் ஒரு தமிழர்