நெட்டில் கிடைக்கும் கோடிங்கும் உங்கள் சர்வரும்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"இந்தக் கோடிங் நெட்டிலேயே பத்து வரியில் கிடைக்கிறதே, இதற்கு எதற்கு ஒரு நாள் கூலி?" என்று பில்லைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். போனில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

ஆமாம், வெளியிலிருந்து எடுக்கிறோம். நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் யாரோ எழுதிய பதில், நிரல்களைப் போட்டுவைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒருவர் வைத்த சர்வர் அமைப்புக் கோப்பு, இப்போது ஏஐ எழுதித் தரும் வரிகள் எல்லாமே இதில் உண்டு. இந்தத் தொழில் எங்கேயும் இப்படித்தான் நடக்கிறது, முகம் தெரியாத ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து ஊருக்குப் பொதுவாக வைத்துவிட்டுப் போனதை நன்றியோடுதான் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அவர் எழுதியது அவருடைய தேவைக்கு. அதை உங்கள் கடைக்கு ஒத்துப்போக வைக்கும் வேலைக்குத்தான் அந்த நேரம் போகிறது.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். ஆன்லைனில் ஆர்டர் வாங்கிப் பார்சல் அனுப்பும் கடைகளுக்கு, பின்கோடு அடித்ததும் மாநிலம் தானாக வந்து அதற்கேற்ப ஜிஎஸ்டி பிரிய வேண்டும்: நம் மாநிலத்துக்குள் போனால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் (மத்திய, மாநிலப் பங்குகள்), வெளிமாநிலத்துக்குப் போனால் ஐஜிஎஸ்டி. பின்கோட்டின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தைச் சொல்லும் நிரல் துண்டுகள் நெட்டில் நிறையக் கிடக்கின்றன, பல ஊர்களில் அவை ஒழுங்காக ஓடியும்விடும். நம் புதுச்சேரியில் ஓடாது. 605 என்றால் புதுச்சேரி என்று எழுதியிருப்பார்கள், ஆனால் விழுப்புரம் 605602, அது தமிழ்நாடு. காரைக்கால் 609602, மாஹே, ஏனாம் போல அதுவும் நம் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் 609001 மயிலாடுதுறை. மாஹேவின் 673310 கோழிக்கோட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, ஏனாமின் 533464 ஆந்திராவின் கோதாவரிப் பக்கத்து வரிசையில். அந்தத் துண்டை அப்படியே ஒட்டினால் காரைக்காலுக்குப் போகும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி விழும், விழுப்புரத்துக்குப் போவதற்கு சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் விழும். இரண்டுமே தலைகீழ். வாங்குபவர் கட்டும் மொத்தத் தொகை மாறாது என்பதால் கடையில் யார் கண்ணிலும் படாது, ரிட்டர்ன் போடும்போது உங்கள் ஆடிட்டர்தான் கண்டுபிடிப்பார். அப்புறம் சரியான தலைப்பில் வரியை மறுபடி கட்டிவிட்டு, தப்பாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதனால் நாங்கள் ஆறு இலக்கத்தையும் பட்டியலோடு ஒப்பிட்டு, எல்லையோர பின்கோடாக இருந்தால் வாங்குபவரையே மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்படி மாற்றுகிறோம். எடுத்தது பத்து வரி, முடித்தபோது அதில் பாதிகூட மிஞ்சவில்லை.

தமிழில் பொருள் பெயர் போடும் கடைகளுக்கு இன்னொன்று. பில்லில் இடம் போதாது என்று பெயரை இருபதோடு வெட்டும் ஒரு வரி எல்லா இடத்திலும் கிடைக்கும். வெப்சைட்டுகள் எழுதும் மொழியான பிஎச்பியில் அந்த வரி எண்ணுவது எழுத்தை இல்லை, பைட்டை, அதாவது கம்ப்யூட்டர் சேமிக்கும் சின்ன அலகை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் க என்பதற்கு மூன்று, அதன் மேல் ஏறும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியே மூன்று. 'புதுச்சேரி' என்ற ஐந்தெழுத்துக்கே முப்பது பைட் ஆகிறது. இருபதில் வெட்டினால் 'புதுச்' என்று நின்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வரும். அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, அவர் மேல் குற்றமும் இல்லை. எழுத்தாகவே எண்ணும் வேறு கட்டளை இருக்கிறது, அதைப் போட்டு, தமிழ்ப் பெயர்களை வைத்தே ஓட்டிப் பார்த்துத் தருகிறோம்.

எடுக்கும் நிரலின் வயதும் முக்கியம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் படிப்பவர்கள் நல்ல பதிலுக்கு ஓட்டுப் போடுவார்கள்; நிறைய ஓட்டு வாங்கிய பதில் என்றால் பெரும்பாலும் பழைய பதில். டேட்டாபேஸோடு பேச அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதிய கட்டளைகள் 2015-ல் வந்த பிஎச்பி 7-லேயே எடுக்கப்பட்டுவிட்டன, இன்றும் தேடினால் அவை வந்து நிற்கின்றன. ஓட்டு எண்ணிக்கையும் பிழை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. கோப்பின் அளவை கேபி, எம்பி என்று படிக்க எளிதாகக் காட்ட 2010-ல் ஒருவர் ஜாவா மொழியில் எழுதிய துண்டு, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலேயே மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துண்டு என்று பின்னால் ஓர் ஆய்வில் தெரிந்தது. அதை எழுதியவரே 2019-ல், அதில் பிழை இருக்கிறது, 1 எம்பி என்று வர வேண்டிய இடத்தில் 1000 கேபி என்று வருகிறது என்று விளக்கி எழுதினார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் நகலெடுத்த ஆயிரக்கணக்கான இடங்களில் அந்தத் திருத்தம் தானாகப் போய்ச் சேராது, இல்லையா?

சர்வர் விஷயத்தில்தான் உண்மையிலேயே பயமாக இருக்கிறது. படம் அப்லோட் ஆகவில்லை என்று தேடினால் ஃபோல்டருக்கு 777 அனுமதி (யாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்பது) கொடு என்று பதில் வரும். கொடுத்தால் படம் ஏறிவிடும், கூடவே அந்த சர்வரில் ஓடும் எந்த நிரலும் அந்த ஃபோல்டரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றும் ஆகிவிடும். டேட்டாபேஸ் இணைப்பு வரவில்லை என்றால் வெளியார் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துப் பார் என்பார்கள், அணைத்தது அணைத்தபடியே இருக்கும். இன்னொரு கட்டளை நெட்டிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட்டை இறக்கி, படித்துக்கூடப் பார்க்காமல் சர்வரில் எதையும் செய்யக்கூடிய ரூட் அதிகாரத்தில் ஓட்டச் சொல்லும். வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்திருப்பார்கள், ஆர்வத்தில் உதவி செய்ய வருவார்கள், அவர்கள் கற்றுக்கொள்ளட்டும், எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடை ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மட்டும் வேண்டாம், கேட்டால் சோதனைக்கென்று தனி சர்வர் எடுத்துத் தருகிறோம்.

அடுத்தவர் நிரலை எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதியவர் தரும் உரிமம் (லைசென்ஸ்) பற்றிச் சுருக்கமாக. பொதுவில் இருப்பதெல்லாம் எடுத்துக்கொள்ள அனுமதி உள்ளது என்று ஆகாது. கிட்ஹப்பில் உரிமம் எதுவும் குறிப்பிடாத நிரலை நாங்கள் தொடுவதில்லை, எம்ஐடி என்ற பரவலான உரிமம் என்றால் எழுதியவர் பெயரும் உரிம வாசகமும் கூடவே வர வேண்டும், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்றால் யார் எழுதியது, எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். உங்கள் மென்பொருளை நாளை நீங்கள் வேறொருவருக்கு விற்பதாக இருந்தால் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதனால் இனி நாங்கள் வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் மேலே எடுத்த இடம், தேதி, உரிமம், நாங்கள் மாற்றியது என்ன என்று தமிழிலேயே குறிப்பு இருக்கும். நாளைக்கு எங்களை விட்டு வேறு ஆளிடம் போனாலும் அவருக்கு அது உதவும். பில்லிலும் 'எடுத்தது', 'மாற்றியது', 'சோதித்தது' என்று நேரத்தைப் பிரித்தே போடுகிறோம்.

நெட்டில் எதையாவது பார்த்து, நம் கடைக்கும் வேண்டும் என்று தோன்றினால் லிங்க்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கள். சும்மா கேட்பதற்குக் காசு கிடையாது. ஏற்கெனவே யாராவது உங்கள் சர்வரில் எதையாவது ஒட்டியிருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், யார் செய்தது என்று கேட்க மாட்டோம், எந்தக் கோப்பில் என்று தெரிந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் வெப்சைட்டையும் சர்வரையும் பார்த்துக்கொள்ளும் குழு,
லாஸ்பேட்டை, புதுச்சேரி