செயலாளரின் ஆண்டறிக்கை: ஒலிமட்டக் கருவி வந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பன்னிரண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலக அலமாரி பற்றிய தீர்மானம் இன்னும் தீர்மானமாகவே இருக்கிறது. செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதி, பேச்சின் சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கிச் சீராக்கும் தானியங்கி ஒலிமட்டக் கருவிக்கே போய்விட்டதால், இந்த அறிக்கையிலும் அதுவே அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். "கருவி வந்துவிட்டால், மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சருக்குப் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டியதில்லை" என்று சென்ற ஆண்டறிக்கையில் எழுதியவன் நான்தான். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். நடவடிக்கைக் குறிப்பேட்டில் இதைப் பதிய வேண்டுகிறேன்.

கருவி ஏன் தேவைப்பட்டது என்பது ஒலிப்பதிவுகளை வீட்டில் கேட்பவர்களுக்குத் தெரியும். ஒரு பேச்சாளர் மைக்கை விழுங்கிவிடுவது போல் பேசுவார். அடுத்தவர் அதைக் கண்டு அஞ்சினாற்போல் இரண்டு முழம் தள்ளி நிற்பார். வாய்க்கும் மைக்குக்கும் இடையே 15 சென்டிமீட்டர் என்பது 30 ஆனால் ஒலி சுமார் 6 டெசிபெல் இறங்கும். 60 ஆனால் 12. இயல்பிலேயே மெல்லிய குரலாகவும் இருந்துவிட்டால் இரண்டு பேச்சாளர்களுக்கு இடையே 20 டெசிபெல் இடைவெளி வந்துவிடும். மின்னழுத்தத்தில் அது பத்து மடங்கு. ஒருவருக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்தவர்கள், அடுத்தவர் வாயைத் திறந்ததும் பதறிப்போய்க் குறைத்தார்கள்.

இந்தத் தொல்லை ரேடியோவின் தொடக்க காலத்திலிருந்தே உண்டு. பக்கத்து நிலையம் அலறும், தொலைவு நிலையம் முனகும். 1925இல் ஹரால்ட் வீலர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெருக்கத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் சுற்றை உருவாக்கினார். நம் கருவியின் வேலையும் அடிப்படையில் அதுதான். வரும் சத்தத்தை அளந்து கெயினை, அதாவது பெருக்கத்தை, ஏற்றி இறக்கும். அளக்க மட்டுமே தெரியும். அது பேச்சா, மின்விசிறியா என்று அதற்குத் தெரியாது. இதை நாங்கள் புரிந்துகொள்ளவே நான்கு மாதம் பிடித்தது.

பொருத்திய முதல் நாளே எல்லாக் குரலும் நசுங்கிக் கேட்டது. கருவியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. குற்றம் பின்புறம் இருந்த ஒரு சின்ன சுவிட்சில். நம் மிக்சர் தருவது தொழில்முறைக் கருவிகளுக்கான +4 டிபியு என்ற மின்னழுத்த மட்டம். சுவிட்ச் இருந்ததோ வீட்டுக் கருவிகளுக்கான −10 டிபிவியில். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 12 டெசிபெல். யார் பேசினாலும் கத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு கருவி அமுக்கியிருக்கிறது. சுவிட்சை மாற்றிய பிறகு, மிக்சரிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் டோனை அனுப்பி, மிக்சர் மீட்டர் பூஜ்ஜியத்தில் நிற்கும்போது ரெக்கார்டர் −20 டெசிபெல்லைக் காட்டும்படி வைத்தோம். பெட்டியைப் பிரித்ததும் செய்திருக்க வேண்டிய வேலை இது.

அடுத்தது த்ரெஷோல்டும் (அமுக்கத் தொடங்கும் கோடு) ரேஷியோவும் (அமுக்கும் விகிதம்). மெல்லப் பேசுபவர் −30 டெசிபெல்லிலும் உரக்கப் பேசுபவர் −10இலும் விழுகிறார்கள். த்ரெஷோல்டை −30இல் வைத்து, ரேஷியோவை மூன்றுக்கு ஒன்று என்று வைத்தால், அந்தக் கோட்டைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லும் ஒன்றாகச் சுருங்கும். 20 டெசிபெல் இடைவெளி ஏழுக்குள் வந்துவிடுகிறது. பிறகு அவுட்புட் கெயினைக் கூட்டி மொத்தத்தையும் மேலே தூக்கிக்கொள்ளலாம். ரேஷியோவைப் பத்துக்கு ஒன்று வைத்தும் பார்த்தோம். மட்டம் ஒன்றானது உண்மைதான். ஆனால் கோபமாகப் பேசியவரும் சமாதானம் சொன்னவரும் ஒரே ஆள் போலக் கேட்டார்கள்.

இனி அந்த ஐந்தாம் மாதக் கூட்டம். கருவியை மிக்சரின் முதன்மை வெளியீடான மெயின் அவுட்டுக்கும் கூடத்து ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் இணைத்திருந்தோம். பேச்சாளர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார், ஸ்பீக்கர் ஊளையிட்டது. ஊளை பெரிதானதும் கருவியே அதை அடக்கியது. அடங்கியதும் மறுபடி ஊளை. வந்திருந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். காரணம் எளிது. உரத்த பேச்சின்போது 13 டெசிபெல் அமுக்கிப் பிடித்திருந்த கருவி, பேச்சு நின்றதும் கையை எடுத்துவிடுகிறது. கெயின் அத்தனையும் ஏறுகிறது. ஸ்பீக்கர் சத்தத்தையே திரும்ப வாங்கும் மைக் உள்ள கூடத்தில் அவ்வளவு ஏற்றம் தாங்காது. அன்றிரவே இணைப்பை மாற்றினோம். இப்போது கருவி மிக்சரின் துணை வெளியீடான ஆக்ஸ் அவுட்டிலிருந்து ரெக்கார்டருக்குப் போகும் வழியில் மட்டும் இருக்கிறது. கூடத்து ஸ்பீக்கர்களை அது தொடுவதில்லை. ஒலியமைப்பில் அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் இதைத் தொடக்கத்திலேயே சொன்னார். கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

ஊளை தீர்ந்தாலும் பதிவில் இன்னொரு குறை இருந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் மின்விசிறி இரைச்சல் பொங்கிப் பொங்கி வடிந்தது. கூடமே மூச்சுவிடுவது போல. சத்தம் அடங்கியதும் கெயின் மீண்டு வர எடுக்கும் ரிலீஸ் நேரத்தை 0.2 நொடியில் வைத்திருந்ததுதான் காரணம். 5 நொடிக்கு நீட்டினோம்; மூச்சு நின்றது, வேறு வினை வந்தது. கைதட்டல் பெரிய சத்தம் அல்லவா? அதற்கு அமுங்கிய கெயின் மீண்டு வருவதற்குள் அடுத்த பேச்சாளரின் முதல் வாக்கியம் போய்விடுகிறது. நமது தலைவரின் வரவேற்புரை ஒன்று "...என்று கூறி அமர்கிறேன்" என்பதிலிருந்து மட்டும் தெளிவாகப் பதிந்திருக்கிறது. உரை அவ்வளவு சுருக்கம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது ரிலீஸ் ஒன்றரை நொடி. அதோடு கேட் என்ற வசதியையும் பயன்படுத்துகிறோம். சத்தம் −42க்குக் கீழே போனால் கெயின் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நம் மின்விசிறி −50 அளவில் இருப்பதால் அதைக் கருவி தூக்கிவிடுவதில்லை. அட்டாக், அதாவது சத்தம் ஏறியதும் அமுக்க எடுக்கும் நேரம், 20 மில்லிநொடி. 1 மில்லிநொடியில் வைத்தபோது ப, ட, க எல்லாம் முனை மழுங்கிக் கேட்டன. திடீர் இருமலுக்கும் மைக் தட்டலுக்கும் −3இல், சத்தம் அதைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் காவல் இருக்கிறது.

ரெக்கார்டருக்குள்ளேயே ஒரு தானியங்கி மட்டம் இருந்ததும், அது இத்தனை நாளும் இயங்கிக்கொண்டிருந்ததும் ஏழாம் மாதத்தில்தான் தெரியவந்தது. ஒன்று ஏற்ற, மற்றொன்று இறக்க, நாங்கள் நடுவில் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறோம். அதை அணைத்துவிட்டோம். காதுக் கருவி அணிந்த உறுப்பினர்களுக்கு ஒலியை நேரே அதற்குள் அனுப்பும் லூப் ஆம்ப்ளிஃபையரிலும் இதே வசதி உள்ளேயே உண்டு. ஆகவே அதற்கு மிக்சரிலிருந்து நேரடி இணைப்பு.

ஆண்டு விழா இசை நிகழ்ச்சியில், ஒலியைக் கருவி தொடாமல் அனுப்பும் பைபாஸ் பொத்தானை அழுத்த மறந்துவிட்டோம். மெல்லத் தொடங்கி ஓங்கி எழ வேண்டிய வாசிப்பு, பதிவில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உயரத்தில் ஓடுகிறது. கலைஞர்களிடம் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தோம்.

கடைசி நான்கு கூட்டங்களின் பதிவுகளைப் பற்றிப் புகார் வரவில்லை. ஆனால் அவை நன்றாக அமைந்ததற்குக் கருவி மட்டும் காரணம் இல்லை. கைதட்டலின்போது ஒருவர் மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினார். பேசாதவர்களின் மைக்குகளை மூடி வைத்தார். பேச வந்தவரிடம் மைக்கை ஒரு சாணுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். மைக் தள்ளியிருந்தால் கூடத்தின் எதிரொலிதான் அதிகம் பதியும். பிறகு எந்தக் கெயினும் அதைப் பிரித்தெடுக்காது.

அந்தப் பணியை இதுவரை ஒரே உறுப்பினர் செய்துவந்தார். கூட்டத்தில் ஒரு வார்த்தைகூட நிம்மதியாகக் கேட்க முடியவில்லை என்கிறார், நியாயமான குறை. வரும் ஆண்டில் முறை வைத்து மிக்சரில் அமர இன்னும் இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளோர் இன்று கூட்டம் முடிந்ததும் பெயர் தரலாம். இப்போதைய அமைப்புகளை எழுதிக் கருவியின் மூடியில் ஒட்டியிருக்கிறோம். செயற்குழுவைக் கேட்காமல் யாரும் குமிழைத் தொட வேண்டாம். இது எனக்கும் பொருந்தும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்