சென்னைப் பதிப்பாளர்களுக்கு: எந்த அடுக்கு என்று முதலில் கேட்காதீர்கள்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். என் தோழி ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். காசிமேட்டில் ஒரு கொலை, அதற்குள் ஒரு காதல், கூடவே கொஞ்சம் அமானுஷ்யம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது க்ரைமா, குடும்ப நாவலா? எந்த அடுக்குல வைக்கிறது?" என்று கேட்டு உங்களில் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ் வாசகர்கள் அப்படிப் பிரித்துப் படித்துப் பழகியவர்கள் அல்லர். 1950-இல் 'கல்கி' வார இதழில் தொடராக வரத் தொடங்கிய பொன்னியின் செல்வனையே பாருங்கள். பெயருக்குச் சரித்திர நாவல். ஆனால் வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்குக் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறான் வந்தியத்தேவன். அங்கேயே ஆழ்வார்க்கடியானின் சைவ, வைணவச் சண்டை. அன்று இரவே கடம்பூர் மாளிகையில் சதிக்கூட்டத்தை ஒளிந்திருந்து கேட்கிறான். திருவிழா, சிரிப்பு, உளவு எல்லாம் சில அத்தியாயங்களுக்குள். சோழர் வரலாறு தெரியாதவர்களையும் உள்ளே இழுத்தது இதுதான்.

அன்றைய வாரப் பத்திரிகைக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஒரே இதழ் வீடு முழுக்கக் கைமாறும். பாட்டிக்கும் கல்லூரிப் பையனுக்கும் அதே அத்தியாயத்தில் ஏதாவது கிடைத்தால்தான் அடுத்த இதழுக்குக் காத்திருப்பார்கள். அந்த நெருக்கடியில் வளர்ந்ததுதான் நம் வெகுஜன எழுத்து.

சரி, கலப்பது என்றால் எல்லாவற்றையும் கொட்டுவது அல்ல. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவலில் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் துப்பறிவதே பேயா, விஞ்ஞானமா என்பதைத்தான். பேயை எடுத்துவிட்டால் வழக்கே இல்லை. திகிலுக்காக வந்தவர் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் படித்துவிடுகிறார். இப்படிப் பின்னிக்கொள்ளாமல் ஒட்டுப்போட்ட கதைகளைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். அதில் உங்கள் கண்டிப்பு நியாயமானது.

நான் கேட்பது இரண்டுதான். கலவையான நாவல் வந்தால், க்ரைம் பக்கமே போகாத ஒருவரிடம் முதல் சில அத்தியாயங்களைக் கொடுத்துப் பாருங்கள். மிச்சத்தை அவரே கேட்டு வாங்கினால் அச்சுக்கு அனுப்பிவிடலாம். அப்புறம், ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் அதே நாவலைக் க்ரைம் அடுக்கிலும் வையுங்கள், குடும்ப நாவல் அடுக்கிலும் வையுங்கள். காதல் கதை தேடி வருபவர் க்ரைம் அடுக்குப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். புத்தகம்தான் அவர் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
சென்னை வாசகி ஒருத்தி