நத்தார் விழாக் குழுவினருக்கு: பிக்சல் பலகையைக் கைவிடாதீர்கள்

மதிப்புக்குரிய விழாக் குழுவினருக்கு,

இந்த முறை பிக்சல் பலகை, அதாவது தனித்தனியாக நிறம் மாறும் சின்ன விளக்குகளால் (பிக்சல்களால்) படம் காட்டும் பலகை வேண்டாம், பழையபடி வாடகை விளக்குச் சரங்களையே கட்டுவோம் என்று நீங்கள் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். போன நத்தார் இரவில் நானும் முற்றத்தில்தான் நின்றேன். மூன்று ஞானிகளின் ஒட்டகம் நடக்கவில்லை, கீற்றுக் கீற்றாகப் பிய்ந்து துடித்தது. அதைச் செய்த பிள்ளைகள் தலைகுனிந்து நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பொங்கலுக்கு முன் அந்தப் பலகையை எங்கள் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளோடு இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விளக்குக் காட்சியை அமைக்கும் எக்ஸ்லைட்ஸ் மென்பொருளின் முன்னோட்டத்தில் ஒட்டகம் அழகாக நடந்தது. அப்படியென்றால் படத்தில் குறை இல்லை, கணினிக்கும் பலகைக்கும் இடையில்தான் தேட வேண்டும்.

பலகையில் 50 பிக்சல் வீதம் 20 வரிசை, மொத்தம் 1000. கம்பி ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகவும் அடுத்ததில் வலமிருந்து இடமாகவும் பாம்புபோல் வளைந்து போகிறது. மென்பொருளிலோ எல்லா வரிசையும் ஒரே திசை என்று இருந்தது. ஒட்டகம் பிய்ந்தது அதனால்தான்.

அடுத்தது நிறம். முதல் மூன்று வரிசையும் சரி, நான்காவதில் 20 பிக்சல் தாண்டியதும் எல்லாம் மாறிவிட்டது. ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சனல் (ஒரு நிறத்தின் அளவைச் சொல்லும் எண்) வேண்டும். சனல்களைக் கட்டுக் கட்டாகத்தான் அனுப்புவார்கள், அந்தக் கட்டுக்கு யுனிவர்ஸ் என்று பெயர். ஒரு யுனிவர்ஸில் 512 சனல் இருந்தாலும் 170 முழுப் பிக்சலுக்கு 510 போதும். தகவலை வாங்கிப் பிக்சல்களுக்குக் கொடுக்கும் கொன்ரோலர் ஒரு யுனிவர்ஸுக்கு 510 என்று எண்ண, மென்பொருள் 512 என்று அனுப்பிக்கொண்டிருந்தது. 171ஆவது பிக்சலிலிருந்து சிவப்புக்குரியது பச்சைக்கும் பச்சைக்குரியது நீலத்துக்கும் போனால் வேறென்ன நடக்கும்?

துடிப்புக்குக் காரணம் நேரம். இந்த வகைப் பிக்சல் ஒன்றுக்குத் தகவல் போக 30 மைக்ரோ செக்கன் எடுக்கும். கொன்ரோலரின் ஒரே போர்ட்டில் (கம்பி இணையும் வாயில்) 1000 பிக்சல் என்றால் 30 மில்லி செக்கன். நாங்கள் 25 மில்லி செக்கனுக்கு ஒரு சட்டகம் (அசையும் படத்தின் ஒரு தனிப் படம்) கேட்டிருந்தோம். 50 ஆக்கியதும் நின்றது. வெள்ளை எரியும்போது கடைசி வரிசைகள் சிவந்தது மட்டும் மின்னழுத்தக் குறைவால். அந்த முனையிலும் மின் கொடுத்தோம், சரி.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மென்பொருளில் மறுபடி ரெண்டர் செய்து (காட்சிக் கோப்பைப் புதிதாக உருவாக்கி), அந்தப் புதிய கோப்பைக் காட்சியை ஓட்டும் பிளேயருக்கு மாற்றவும் வேண்டும். நத்தார் நேரத்து அவசரத்தில் அதை விட்டுவிட்டு, சரியாகத் திருத்தியதையும் பிழை என்று நினைத்துப் பிள்ளைகள் பழையபடி மாற்றியிருக்கிறார்கள்.

பலகையை வைக்கும் சுவரும் மின் இணைப்பும் அவர்கள் கைக்கு வந்தது டிசம்பர் 22இல். அதிலும் இரண்டு இரவு வாடை மழை. ஒரே இரவில் நான்கு கோளாறைத் தேடி, நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்? ஒரு இரவுக்கு ஒரு மாற்றம், அதன் பிறகு முழுக்க ஓட்டிப் பார்த்தல். அதற்கு நாள் வேண்டும்.

ஆகவே, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே அந்தச் சுவரைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மழை படாமல் மேலே ஒரு தகரம் போடவும் அனுமதி தாருங்கள், கூலியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பலகை இப்போதும் எங்கள் விறாந்தையில்தான் இருக்கிறது. ஒருநாள் பொழுதுபட்ட பிறகு வாருங்கள், ஒட்டகம் நடப்பதைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவர்
திருகோணமலை