அம்மாவுக்கு, ஜூரோங்கிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்லச் செல்வி எழுதிய கடிதம் கிடைத்தது. இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, வேலை அப்படி.

குளிருக்குக் கம்பளி இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாது. பூமத்திய ரேகை பக்கம் என்பதால் வருஷம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி. மழைக்கு முந்தின புழுக்கம்தான். குளிரெல்லாம் என் கிடங்குக்குள் இருக்கிறது. மீனும் கோழியும் வைக்கும் அறை மைனஸ் 18 டிகிரி. தடித்த ஜாக்கெட்டும் கையுறையும் கிடங்கிலேயே தருகிறார்கள். வெளியே வந்ததும் நம்ம முருகேசனின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்துவிடும், துடைக்கும்வரை அசையாமல் நிற்பான். லாரி தாமதமானால் நான் பதறுவேன். இங்குள்ள பையன்கள், பதறாதே என்பதற்கு, “சில் அண்ணே” என்று தோளைத் தட்டுவார்கள்.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியை உனக்குப் பிடிக்கும். காப்பிக்கடையில் ஐஸ் போட்ட தேநீருக்குத் ‘தே பெங்’ என்று கேட்க வேண்டும். அதை என் கையில் பார்த்தாலே பாட்டி தலையில் அடித்துக்கொள்வார். குடித்தால் சுடுதண்ணீர்தான் குடிக்க வேண்டுமாம். ஆனால் வாயில் புண் வந்தபோது, உடம்பு சூடு என்று சாமந்திப்பூ போட்ட தேநீரும் பார்லித் தண்ணீரும் கொடுத்தார். டுரியான் பழம் சூடாம், மங்குஸ்தான் பழம் குளிர்ச்சியாம், சேர்த்துத் தின்றால் சரியாகிவிடுமாம். மாம்பழம் தின்றால் மோர் குடி என்பாயே, அதே கணக்கு!

போன ஞாயிறு இங்குள்ள தேக்கா சந்தையில் நல்லெண்ணெய் வாங்கி, சீரகம் போட்டுக் காய்ச்சித் தலையில் வைத்தேன். உச்சியில் நீ தட்டும் தட்டு எனக்கு வரவில்லை அம்மா. குளியலறையில் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முருகேசன் கதவைத் தட்டினான்.

சரி, வீட்டு விஷயம். இந்த மாதம் ஓவர்டைம் குறைவு, பணம் கொஞ்சம் கம்மியாக வரும். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், கவலைப்படாதே, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வந்ததில் முதலில் செல்வியின் ஃபீஸைக் கட்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் அடுப்படிக் கூரை ஓடுகளை மாற்றச் சொல். அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், தஞ்சாவூருக்கு மாமா கூட வருவார். வாய்க்கால் ஓரத்து நிலத்துக்குச் சித்தப்பா கையெழுத்துக் கேட்டால், அப்பாவைப் போட விடாதே. பத்திரம் பீரோ மேல்தட்டில் சிவப்புப் பைக்குள் இருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பச் செல்வியிடம் சொல். நான் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் பேசுகிறேன்.

உன் மகன்,
சேகர்